படத்தில் இருக்கும் கிச்சனில் கிரைண்டர் எங்கே?

சமையலறையை இடித்து மாற்றப்போகிறவர்கள் அனுப்பிய கேள்விகளில் சில இங்கே. பாதிப் பேர் போனில் சேமித்து வைத்த படத்தையும் கூடவே அனுப்பியிருந்தார்கள். அழகுதான். ஆனால் ஒரு படத்தில்கூட கிரைண்டர் இல்லை, இட்லிக் கொப்பரை இல்லை, காஸ் சிலிண்டரும் இல்லை.

கே: சென்னையில் இரண்டு பெட்ரூம் ஃபிளாட். நடுச்சுவரை எடுத்துவிட்டு ஓப்பன் கிச்சன், முழுக்க வெள்ளையில் செய்ய ஆசை. சரி வருமா?

ப: வாரத்தில் எத்தனை நாள் மீன் வறுப்பீர்கள்? முதலில் இதைத்தான் கேட்பேன். மிளகாய் தாளிக்கிற நெடி சோபாத் துணியில் ஏறிவிட்டால் லேசில் போகாது. சிம்னி இருக்கிறதே என்பீர்கள், அதன் குழாய் அதிக வளைவு இல்லாமல் வெளிச்சுவரைத் தாண்டிப் போனால்தான் அது ஒழுங்காக இழுக்கும். சுவரில் மேல்பாதியை மட்டும் திறந்து கண்ணாடி ஸ்லைடிங் ஜன்னல் வையுங்கள், ஹாலில் இருப்பவரோடு பேசலாம், தாளிக்கும்போது இழுத்து மூடிவிடலாம். எதுவானாலும் அது பாரம் தாங்குகிற சுவரா என்று ஸ்ட்ரக்சுரல் இன்ஜினியர் நேரில் பார்த்துச் சொன்ன பிறகே சம்மட்டியை எடுக்கவேண்டும்; மேஸ்திரி "ஒண்ணும் ஆகாதும்மா" என்றால் போதாது.

வெள்ளை நிறம் ஷட்டருக்கு, அதாவது அலமாரிக் கதவுக்கு இருக்கட்டும், மேடைக்கு வேண்டாம். வெள்ளைக் குவார்ட்ஸ் கல்லில் மஞ்சள் கறை தெரியும், அதில் ரெசின் என்ற பிசின் கலந்திருப்பதால் அடுப்பிலிருந்து இறக்கிய கடாயை நேராக வைத்தால் தழும்பும் விழும். ஓங்கோல் பக்கம் சீமகுர்த்தியிலிருந்து வருகிற பிளாக் கேலக்ஸி கிரானைட் இதையெல்லாம் தாங்கும். பழைய ஃபேஷன் என்பார்கள், சொல்லட்டும்.

கே: என் உயரம் 4 அடி 11 அங்குலம். மேடை 34 அங்குலம்தான் எல்லோருக்கும் போடுவது என்கிறார் மேஸ்திரி.

ப: எல்லோருமா உங்கள் வீட்டில் சமைக்கிறார்கள்? வீட்டில் போடுகிற செருப்போடு நில்லுங்கள், முழங்கையை மடக்குங்கள், தரையிலிருந்து முழங்கை வரை அளந்து அதில் 4 முதல் 6 அங்குலம் கழியுங்கள், அதுதான் நீங்கள் நின்று காய் நறுக்க வசதியான உயரம். உங்களுக்கு அநேகமாக 31, 32 அங்குலம் வரும். அடுப்பு வைக்கிற பகுதியை இன்னும் கொஞ்சம் இறக்கினாலும் தப்பில்லை, ஏனென்றால் அடுப்பின் உயரமும் அதன்மேல் குக்கரின் உயரமும் சேர்ந்துகொள்ளும்.

இன்னொன்று, அளவைச் சொல்லும்போது "டைல்ஸ் ஒட்டி முடித்த தரையிலிருந்து கிரானைட்டின் மேல்மட்டம் வரை" என்று தாளில் எழுதிக் கொடுங்கள். எங்கள் வீட்டில் நான் வாயால் சொல்லிவிட்டு வேலைக்குப் போய்விட்டேன், அவர்கள் காங்கிரீட் பலகைக்கு அந்த உயரத்தை வைத்துவிட்டு அதன்மேல் கலவையும் கல்லும் போட, அம்மா பல வருடம் மணைப்பலகையின் மேல் ஏறி நின்றுதான் தோசை சுட்டார். ஊருக்கெல்லாம் அளவு சொல்கிறவள் வீட்டுக் கதை இது!

கே: திருச்சியில் பழைய வீடு. கடப்பா கல் அலமாரிகளை இடித்துவிட்டு மாடுலர் போடச் சொல்கிறார்கள். பிளைவுட்டா, பிவிசியா?

ப: கல் விரிசல் இல்லாமல் இருந்தால் ஏன் இடிக்கிறீர்கள்? கடப்பா கல்லைக் கரையான் அரிக்காது, தண்ணீரில் ஊறாது, அரிசி டின்னையும் எண்ணெய் டின்னையும் தாங்கும். முன்னால் அலுமினிய ஃபிரேம் அடித்து ஷட்டர் மாட்டினால் புது கிச்சன் மாதிரியே இருக்கும், பாதிச் செலவு மிச்சம். இழுக்கிற டிராயர் அடுப்புக்குப் பக்கத்தில் ஒரு வரிசை போதும். அதற்குப் பிளைவுட் போட்டால் ஈரம் தாங்கும் மரைன் பிளைவுட்டுக்கான ஐ.எஸ். 710 தர முத்திரை உள்ளதாகக் கேளுங்கள், மைக்கா ஒட்டுவதற்கு முன்பே ஒவ்வொரு பலகையிலும் முத்திரையைப் பாருங்கள், ஒட்டிய பிறகு உள்ளே என்ன இருக்கிறது என்று கடவுளுக்குத்தான் தெரியும். சிங்க்குக்கு அடியில் மட்டும் எந்தப் பிளைவுட்டும் வேண்டாம், அங்கே பிவிசி போடலாம்.

ஸ்டீல் கூடைகளுக்கு எளிதில் துருப்பிடிக்காத 304 ரகம் கேளுங்கள். கடையில் காந்தம் வைத்துக் காட்டி "ஒட்டலை பாருங்க, 304" என்பார்கள். மலிவான 202 ரகமும் காந்தத்தில் ஒட்டாது. பில்லில் ரகத்தை எழுதி வாங்குங்கள்.

கே: டேபிள்டாப் கிரைண்டரை ஷட்டருக்குள் மறைத்து வைக்க முடியுமா?

ப: முடியும், அப்புறம் பாக்கெட் மாவு வாங்க ஆரம்பித்துவிடுவீர்கள். ஒவ்வொரு தடவையும் அந்தக் கனத்தைக் குனிந்து தூக்க யாருக்கும் மனசு வராது. இழுக்கிற தட்டில் வைத்தால் அதிர்வில் தட்டு ஓடுகிற சேனல் சீக்கிரம் தளர்ந்துவிடும். மேடையின் எல் மூலை எப்படியும் வீணாகத்தான் கிடக்கும், அதில் நிரந்தரமாக வையுங்கள். கல்லையும் பாத்திரத்தையும் கழுவவேண்டியிருப்பதால் சிங்க்குக்கு எட்டுகிற தூரமாக இருக்கட்டும். ப்ளக் பாயிண்ட்டைச் சிங்க்கிலிருந்து தள்ளி வையுங்கள். இண்டக்ஷன் அடுப்பு 2000 வாட் இழுக்கும், அதற்கு 16 ஆம்பியர் பாயிண்ட் தனியாக வேண்டும். மிக்ஸிக்கும் கிரைண்டருக்கும் 6 ஆம்பியர் போதும்.

கே: சிலிண்டரை மேடைக்குக் கீழே ஷட்டர் போட்டு மூடலாமா?

ப: காற்று போக வழி இல்லாமல் மூடக்கூடாது. சமையல் காஸ் காற்றைவிடக் கனம், கசிந்தால் தரையோடு தேங்கும். அதனால் ஷட்டரின் அடிப்பக்கத்தில் துவாரங்கள் கட்டாயம். சிலிண்டர் நிமிர்ந்தே நிற்கவேண்டும், ரெகுலேட்டரைக் கை விட்டுத் திருப்ப இடம் வேண்டும்.

கே: தென்கிழக்கில் அடுப்பு வைக்க இடமில்லை. வாஸ்துப்படி தப்பா?

ப: வாஸ்து எனக்குத் தெரியாது. ஜன்னலுக்கு நேர் கீழே மட்டும் அடுப்பு வேண்டாம், காற்றில் தீ அலையும், எண்ணெய் வைக்கும்போது திரைச்சீலை வேறு பயமுறுத்தும்.

கே: அம்மாவுக்கு 70 வயது. தரையில் உட்கார்ந்து அரிவாள்மனையில்தான் காய் நறுக்குவார். புது கிச்சனில் அவரை எப்படிப் பழக்குவது?

ப: அவரை ஏன் பழக்கவேண்டும்? முழங்கால் ஒத்துழைக்கிற வரை உட்காரட்டும். நடைபாதையில் இல்லாமல் வெளிச்சம் வருகிற பக்கமாக 3 அடிக்கு 3 அடி தரையைக் காலியாக விடுங்கள், வழுக்காத டைல்ஸ் போடுங்கள், எழுந்திருக்கும்போது பிடித்துக்கொள்ளச் சுவரில் கைப்பிடி ஒன்று. நீங்கள் அனுப்பிய, டிசைனர் போட்ட வரைபடத்தில் அந்த இடத்தில் ஃபிரிட்ஜ் இருக்கிறது, அதை வாசல் பக்கம் நகர்த்தச் சொல்லுங்கள்.