பி.ஓ.டி. படித்து மனநலத் துறைக்குப் போனால் கூடை பின்னுவதுதான் வேலையா?

நீங்கள் கேட்டது: மகளுக்கு பி.ஓ.டி. (ஆக்குபேஷனல் தெரபி, அதாவது அன்றாட வேலைகளைச் செய்யப் பழக்கித் தேற்றும் சிகிச்சைக்கான பட்டப்படிப்பு) சீட் கிடைத்திருக்கிறது, மனநலப் பக்கம் போக ஆசைப்படுகிறாள், ‘அங்கே கூடை பின்னத்தான் சொல்லிக்கொடுப்பார்கள்’ என்கிறார் ஒரு சொந்தக்காரர், இத்தனை வருஷம் படிப்பது அதற்கா?

அந்தச் சொந்தக்காரர் எல்லாக் கல்யாண வீட்டிலும் இருக்கிறார். ஆமாம், கூடையும் உண்டு. ஆனால் கூடை யாருக்கும் முக்கியமில்லை. பின்னுகிறவர் எந்த இடத்தில் நிற்கிறார், ஏன் நிற்கிறார் என்று பார்ப்பதற்குத்தான் அந்தப் படிப்பு.

ஒருவர் எந்த அளவுக்கு யோசித்துச் செயல்படுகிறார் என்று பார்க்க, க்ளாடியா ஆலன் என்ற அமெரிக்கத் தெரபிஸ்ட் பெயரில் ஒரு சோதனை இருக்கிறது. ஓரத்தில் துளையிட்ட சின்னத் தோல் துண்டு, ஒரு தோல் வார், ஒரு ஊசி. மூன்று விதத் தையல், ஒன்றைவிட ஒன்று கடினம். பக்கத்தில் நிற்பவருக்கு இது கைவேலை வகுப்பு. தெரபிஸ்ட் பார்ப்பது வேறு: வார் முறுக்கிக்கொண்டதைக் கவனித்தாரா, தப்பைத் தானே பிரித்தாரா, கடைசித் தையலைக் காட்டித் தராமலே கண்டுபிடித்தாரா. 3.0 முதல் 5.8 வரை மதிப்பெண். இந்த ஆளை அடுப்புப் பக்கம் தனியே விடலாமா என்பதற்கு அது முதல் குறிப்பு. இங்கே புதியவர்கள் சறுக்குவது மருந்தை மறந்துவிடுவதால். மனநிலை ஏற்ற இறக்கத்துக்குக் கொடுக்கிற லித்தியத்தால் கை நடுங்கலாம். காதில் குரல் கேட்பது போன்றவற்றுக்குக் கொடுக்கிற ஹாலோபெரிடாலால் விரல் விறைக்கலாம், அந்த விறைப்புக்குக் கொடுக்கிற ட்ரைஹெக்ஸிபெனிடிலால் கிட்டத்தில் இருப்பது மங்கும். ஊசியில் வார் கோக்க முடியாததற்கு மூளையைக் குறை சொல்லி எழுதிவைத்தால் அந்த ஆள் வருஷக்கணக்கில் அந்தக் குறிப்போடு அலைவார்.

முடிவு எப்படியும் அடுப்படியில்தான். ஒரு டம்ளர் டீயை எடுத்துக்கொள்ளுங்கள். பாத்திரம் எடுப்பதில் தொடங்கி டம்ளரைக் கழுவிக் கவிழ்ப்பது வரை பன்னிரண்டு படியாகப் பிரிக்கலாம். ஸ்கிசோஃப்ரீனியா (மனச்சிதைவு நோய்) உள்ளவர் பெரும்பாலும் நிற்பது முதல் படியில். எல்லாம் தெரியும், தொடங்க வராது. வீட்டில் இதற்கு வைத்த பெயர் சோம்பேறித்தனம். அது நோயின் அறிகுறி. காதில் கேட்கும் குரல்களை அடக்குகிற அளவுக்கு மாத்திரை இதை அசைப்பதில்லை. தொடங்கிவிட்டவர் அடுத்துத் தடுமாறுவது பால் பொங்கும் நேரத்தில். ஒரு கண் பாலிலும் ஒரு கை வடிகட்டியிலும் இருக்க வேண்டுமே.

உதவியை ஏணிப்படி மாதிரி ஏற்ற வேண்டும். முதலில் பத்து விநாடி சும்மா இருப்பது. சொன்னால் சிரிப்பீர்கள், பயிற்சி மாணவர்களுக்கு வராதது இதுதான். முந்திரிக்கொட்டை மாதிரி டீத்தூள் டப்பாவை எடுத்து நீட்டிவிடுவார்கள். அப்புறம் ‘அடுத்து என்ன?’ என்ற கேள்வி, பிறகு டப்பாவைப் பார்த்து ஒரு சாடை, அதற்கும் நகராவிட்டால் நேராகச் சொல்வது, கடைசியில்தான் கையைப் பிடித்துச் செய்வது. ‘டீ போட்டார், முன்னேற்றம்’ என்று ஃபைலில் எழுதினால் யாருக்கும் பிரயோஜனமில்லை. ‘12 படியில் 9 தானாக, 2-க்குக் கேள்வி, அடுப்பை அணைக்க நேராகச் சொல்ல வேண்டியிருந்தது’ என்று எழுதினால் அடுத்த வாரம் எதில் வேலை என்று தெரியும்: அடுப்பை அணைப்பதில்.

பயிற்சி மையத்தில் போட்ட டீ வீட்டில் வராது. அங்கே லைட்டர், இங்கே தீப்பெட்டி. அதைவிடப் பெரிய காரணம், அம்மா அடுப்படிக்குள் விடமாட்டார். ஆகவே வீட்டுக்குப் போக வேண்டும், அவர்கள் அடுப்பிலேயே பழக்க வேண்டும், அம்மாவை ஹாலில் உட்கார வைக்க வேண்டும். மூன்றாவதுதான் கஷ்டம். வெள்ளைக் கோட்டு வேண்டாம், ஆஸ்பத்திரி வண்டியைத் தெருமுனையிலேயே நிறுத்திவிடுங்கள். இல்லாவிட்டால் அடுத்த முறை கதவு திறக்காது.

‘அப்போ மாத்திரையைவிட டீ பெரிசா?’ என்று யாராவது கமெண்டில் வருவார்கள். அப்படிச் சொல்லவில்லை. மாத்திரை நின்றால் இதில் எதுவும் நடக்காது. மாத்திரையை வைத்துத்தான் நேர அட்டவணையே போடுகிறோம். மனச்சிதைவுக்கு க்ளோசபின் எடுப்பவரைக் காலை எட்டு மணிக்கு உட்காரவைத்தால் தூங்கி வழிவார், பத்தரைக்கு மேல் வேறு ஆளாக இருப்பார். அதே நோய்க்குக் குளோர்புரோமசின் எடுப்பவர் தோல் வெயிலில் சீக்கிரம் வெந்துவிடும், தோட்ட வேலை ஒன்பது மணிக்குள் முடிய வேண்டும். லித்தியக்காரருக்குத் தண்ணீர்க் குடம் பக்கத்தில் இருந்தே ஆக வேண்டும், வியர்த்து உடம்பு வற்றினால் ரத்தத்தில் லித்தியம் ஏறும். கத்தரிக்கோல், ஊசி, கத்தி எல்லாம் எண்ணிக் கொடுத்து எண்ணி வாங்குவது. பலகையில் ஒவ்வொன்றின் வடிவத்தையும் வரைந்து மாட்டிவைத்தால் காலி இடம் கண்ணில் அடிக்கும். கணக்குச் சரியாகும் வரை யாரும் அறையை விட்டுப் போகக்கூடாது, தெரபிஸ்ட் உட்பட.

வார்டைக் கூட்டவைத்து அதைத் தெரபி என்று சொல்லும் இடங்களும் உண்டு. 2017 மனநலப் பராமரிப்புச் சட்டப்படி உள்ளிருப்பவரை வேலை செய்யக் கட்டாயப்படுத்தக்கூடாது, செய்தால் தகுந்த கூலி தர வேண்டும். கவர் ஒட்டினாலும் அதேதான். மகள் இதை முதல் வருஷமே தெரிந்துகொள்ளட்டும்.

கேட்காததையும் ஒன்று சொல்லிவிடுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். மனநல இல்லங்களுக்குப் பிறந்தநாள் பிரியாணி கொண்டுவரும் நல்லவர்களே, ஒரு போன் செய்துவிட்டு வாருங்கள். அன்று சமையல் பயிற்சிக்காக ஆறு பேர் சேர்ந்து திட்டம் போட்டு, காசு எண்ணி, கடைக்குப் போய் வாங்கிவந்த கத்தரிக்காய் அப்படியே கிடக்கும். கேக் வெட்டுவதைப் பார்த்துக் கை தட்டச் சொல்வது வேறு. காய்கறிக் காசாகக் கொடுத்தால் அவர்களே சமைத்து உங்களுக்குப் பரிமாறுவார்களே.

சரி, வேலை வாய்ப்பு. விளம்பரங்களில் பெரும்பங்கு ஆட்டிசக் குழந்தைகளுக்கான மையங்கள். மனநலத்தில் இடங்கள் குறைவு: அரசு மனநல மருத்துவமனைகள், மருத்துவக் கல்லூரிகளின் மனநலப் பிரிவுகள், சென்னையின் ஸ்கார்ஃப் (ஸ்கிசோஃப்ரீனியா ஆராய்ச்சி அறக்கட்டளை) போன்ற தொண்டு நிறுவனங்கள், பகல்நேர மையங்கள். மேற்படிப்பான எம்.ஓ.டி. இரண்டு வருஷம் மனநலத்தில் எடுத்தால் வாசல் கொஞ்சம் அகலமாகும். ‘தொழில்வழிச் சிகிச்சை’ என்ற தமிழ்ப் பெயரை நம்பி, வேலை வாங்கித் தருவார்கள் என்று வருகிறவர்களுக்கும், ஓ.டி. என்றதும் ஆபரேஷன் தியேட்டரா என்கிறவர்களுக்கும் பதில் சொல்லியே கொஞ்ச காலம் போகும்.

சீட்டை உறுதி செய்யும் முன் கல்லூரியில் ஒன்று கேளுங்கள்: மனநலப் பிரிவில் பயிற்சி (போஸ்டிங்) எத்தனை வாரம், அதில் மாணவர் கையில் ஒரு ஆளை முழுசாக ஒப்படைக்கிறார்களா, இல்லை சுவரோரம் நின்று பார்ப்பதோடு சரியா. நின்று பார்ப்பதுதான் என்றால் வேறு கல்லூரி பாருங்கள்.