சபையின் பகிர்வுத் திட்டமா, அரசு மானியக் காப்பீடா?

சகோதரி, டெக்சாஸின் டல்லாஸில் உங்கள் சபையார், 'ஒபாமாகேர் (2010 சட்டப்படி அரசு மானியத்தோடு விற்கும் மருத்துவக் காப்பீடு) பணம் கருக்கலைப்புக்குப் போகிறது, கிறிஸ்தவப் பகிர்வுத் திட்டத்தில் சேருங்கள்' என்கிறார்கள்; கணவருக்கோ சர்க்கரை நோய். இதுதானே குழப்பம்?

முதலில் நோயைப் பாருங்கள். பகிர்வுத் திட்டம், அதாவது விசுவாசிகள் மாதாமாதம் பணம் போட்டு ஒருவர் மருத்துவச் செலவை மற்றவர் பகிர்வது, சட்டப்படி காப்பீடே அல்ல. பில்லைக் கட்டியே ஆகவேண்டும் என்ற கடமை அதற்குக் கிடையாது. ஏற்கெனவே இருக்கும் நோய்க்குப் பெரும்பாலும் காத்திருப்புக் காலமோ வரம்போ வைப்பார்கள். 2010 ஒபாமாகேர் சட்டப்படி, அரசின் காப்பீட்டுச் சந்தையில் விற்கும் காப்பீடு அப்படி ஒதுக்க முடியாது. சர்க்கரை உள்ள வீட்டுக்கு இது சின்ன விஷயம் இல்லை.

மனசாட்சிக் கேள்விக்கு வருவோம். கூட்டாட்சி அரசின் மானியத்தை, விருப்பத்தின் பேரில் செய்யும் கருக்கலைப்புக்குச் செலவிட அந்தச் சட்டமே அனுமதிப்பதில்லை. தவிர, டெக்சாஸ் 2017-இல் இயற்றிய சட்டப்படி, அங்கே விற்கும் சந்தைக் காப்பீடுகள் மருத்துவ அவசரம் தவிர கருக்கலைப்புக்குப் பணம் தருவதில்லை. உங்கள் சபையாருக்கு இது தெரியுமா என்று கேட்டுப் பாருங்கள்!

விசுவாசிகள் எல்லாரும் ஒரே பக்கம் நிற்கவும் இல்லை. 2010-இல் கத்தோலிக்க ஆயர்கள் ஒபாமாகேர் மசோதாவை எதிர்த்தார்கள். கத்தோலிக்க மருத்துவமனைகளின் சங்கம் ஆதரித்தது. கலாத்தியர் 6:2 சொல்வதுபோல் ஒருவர் பாரத்தை ஒருவர் சுமப்பதை வரி, மானியம் வழியாகவும் செய்யலாம் என்பது என் எண்ணம்.

நவம்பர் 1-இல் பதிவு தொடங்கும். இன்சுலின் எந்தத் திட்டத்தின் மருந்துப் பட்டியலில் இருக்கிறது என்று பார்த்துவிட்டுச் சேருங்கள்.