படக் காட்சி நடக்கும் அதே தேதியில் அந்தப் படத்தைப் போட, தேதியை எப்படிக் கண்டுபிடிப்பது?

மட்டக்களப்பில் நண்பர்களோடு இப்படி ஒரு வருடாந்தப் பட்டியல் போட வேண்டும் என்று கேட்டிருக்கிறீர்கள். அருமையான யோசனை!

காட்சியில் வரும் பத்திரிகை, சுவர் நாட்காட்டி, கடிதம், வசனம் ஆகியவற்றைப் பாருங்கள். ‘பேக் டு த ஃபியூச்சர்’ படத்தில் மணிக்கூட்டுக் கோபுரத்தில் மின்னல் விழுவது 1955 நவம்பர் 12, இரவு 10.04. அன்று சனிக்கிழமை. கிழமையும் பொருந்த வேண்டுமென்றால் 2022-க்குப் பிறகு 2033 வரை காத்திருக்க வேண்டும். எனக்குத் தேதி மட்டும் போதும்.

கதை நடப்பது கலிபோர்னியாவில். அந்த நொடி நமக்கு 13ஆம் திகதி காலை 11.34. ஆனாலும் படத்தின் திகதியையே பிடியுங்கள், இரவுக் காட்சியை இரவில்தான் பார்க்க வேண்டும். அப்புறம், நவம்பரில் இங்கே மாரி மழை. வாவிக்கரையில் திரை கட்டாமல் மண்டபம் பாருங்கள்.

‘கிரவுண்ட்ஹாக் டே’ படம் சுலபம்: கதை நடக்கும் நாள் பெப்ரவரி 2.

தமிழ்ப் படங்களில் பெரும்பாலும் திகதி இருக்காது, திருநாள்தான் இருக்கும். தீபாவளி அமாவாசையை ஒட்டி வருடா வருடம் நகரும். அதனால் படம் வந்த வருடத்துத் திகதியைத் தேடாமல், அந்தந்த வருடத் தீபாவளியன்றே போடுங்கள்.