லினக்ஸ் போடும்போது ஹார்ட் டிஸ்க்கை எப்படிப் பிரிப்பது?

கேள்வி: என் லேப்டாப்பில் 512 ஜிபி எஸ்எஸ்டி, 8 ஜிபி ராம். விண்டோஸ் 11 அப்படியே இருக்க, பக்கத்தில் லினக்ஸ் மின்ட் போட ஆசை. டிஸ்க்கைப் பிரிக்கும் பார்ட்டிஷன் பக்கம் வந்ததும் பயந்துபோய் இரண்டு முறை வெளியே வந்துவிட்டேன். என்ன செய்யலாம்?
- கல்லூரி மாணவி ஒருவர்

பதில்: வெளியே வந்தது நல்லதுதான். முதலில் முக்கியமான ஃபைல்களை வெளி டிஸ்க் ஒன்றில் நகல் எடுங்கள். பிட்லாக்கர் (டிஸ்க்கைப் பூட்டி வைக்கும் விண்டோஸ் வசதி) இருந்தால் அதன் 48 இலக்க மீட்பு எண்ணைக் காகிதத்தில் எழுதி வையுங்கள். விண்டோஸில் ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்பை (முழுவதும் அணையாமல் சீக்கிரம் கிளம்பும் வசதி) அணைத்துவிடுங்கள்.

சி டிரைவைக் குறைக்கும் வேலையை விண்டோஸின் டிஸ்க் மேனேஜ்மென்ட்டிலேயே செய்யுங்கள். 120 ஜிபி வேண்டுமென்றால் அங்கே 122880 எம்பி என்று அடிக்க வேண்டும். கிடைக்கும் காலி இடத்துக்கு டிரைவ் எழுத்து எதுவும் கொடுக்காமல் அப்படியே விடுங்கள். மின்ட் இன்ஸ்டாலரில் அதே இடம் 1,28,800 எம்பி சொச்சமாகத் தெரியும். பதற வேண்டாம். விண்டோஸ் 1024 கணக்கில் எண்ணுகிறது, இன்ஸ்டாலர் 1000 கணக்கில் எண்ணுகிறது, அவ்வளவுதான்.

அப்புறம் இன்ஸ்டாலரில், நாமே பிரித்துக்கொள்ளும் வழியான 'சம்திங் எல்ஸ்' தேர்ந்தெடுங்கள். காலி இடத்தில் 40 ஜிபி ரூட்டுக்கு (/, மின்ட் உட்காரும் இடம்), மீதி முழுவதும் ஹோமுக்கு (/home, உங்கள் ஃபைல்கள் இருக்கும் இடம்). இரண்டுக்கும் ஃபார்மேட் வகை எக்ஸ்ட்4 (ext4). ராம் போதாதபோது கைகொடுக்கும் ஸ்வாப்புக்குத் தனிப் பார்ட்டிஷன் வேண்டாம், ஸ்வாப் ஃபைல் போதும். பட்டியலில் இஎஃப்ஐ (EFI) என்று சின்னதாக ஒரு பார்ட்டிஷன் இருக்கும், பெரும்பாலும் 100 எம்பிதான். விண்டோஸ் கிளம்புவதே அங்கிருந்துதான். மின்ட்டும் அதையே பகிர்ந்துகொள்ளும், அதை ஃபார்மேட் செய்யக் கூடாது.

ஹோமைத் தனியாக வை என்று நான் எல்லோரிடமும் வற்புறுத்துவதற்குக் காரணம் உண்டு. நாளை மின்ட்டைப் புதிதாகப் போட்டாலும் ரூட்டை மட்டும் அழித்தால் போதும், உங்கள் ஃபைல்கள் இருந்த இடத்திலேயே இருக்கும். ஆனால் 'ஃபார்மேட்' கட்டத்தில் ஹோமுக்கு எதிரே டிக் இருக்கக் கூடாது. ஒரு இரவு, தூக்கக் கலக்கத்தில் நான் அந்த டிக்கைப் போட்டுவிட்டேன். என் மகளின் முதல் பிறந்தநாள் படங்கள் அதில்தான் இருந்தன. வேறெங்கும் நகல் இல்லை. இன்றும் அவள் கேட்டால் சொல்லப் பதில் இல்லை.

'இன்ஸ்டால் நவ்' அழுத்தியதும், எவற்றை ஃபார்மேட் செய்யப்போகிறது என்று ஒரு பெட்டி வரும். அதை வாய்விட்டுப் படியுங்கள். நீங்கள் உருவாக்கிய அந்த இரண்டைத் தவிர வேறொன்று அதில் இருந்தால், 'கோ பேக்'.