பி53 பற்றி ஏன் இவ்வளவு பேச்சு? சாதாரண ஆளுக்கு அதனால் என்ன?

கேள்வி இதுதான்: "புற்றுநோய் ஆராய்ச்சி என்றாலே பி53 என்கிறார்கள். ஒரு பரம்பரையலகில் அப்படி என்ன இருக்கிறது? நமக்கு ஏதும் பயன் உண்டா?"

நான் ஆராய்ச்சியாளர் இல்லை. மட்டக்களப்பில் உயர்தரத்துக்கு உயிரியல் படிப்பிக்கிறேன். பயன் உண்டா என்ற கேள்விக்கு என் பதில்: நிறைய உண்டு, ஆனால் மருந்தாக அல்ல.

முதலில் அது என்ன என்று பார்ப்போம். நம் உடம்பில் புரதம் செய்யும் பரம்பரையலகுகள் (ஜீன்கள்) ஏறக்குறைய 20,000. ஈரல் கலத்திலும் தோல் கலத்திலும் இருப்பவை அவையேதான். எங்கே எது இயங்க வேண்டும், எது அடங்கியிருக்க வேண்டும் என்று பார்த்துக்கொள்ளத் தனியாகச் சில புரதங்கள் இருக்கின்றன. பி53 அதில் ஒன்று; அதைச் செய்யும் பரம்பரையலகையும் அதே பேரால்தான் சொல்கிறோம். டி.என்.ஏ. சேதப்பட்டால் கலத்துக்குள் பி53 கூடும். உடனே பி21 என்ற பரம்பரையலகை இயக்கும், கலம் பிரிவது நிற்கும். சேதம் திருத்த முடியாத அளவென்றால், அந்தக் கலமே செத்துப்போகும்படி வேறு சிலவற்றை இயக்கிவிடும். சேதம் எதுவும் இல்லாத நேரத்தில் எம்.டி.எம்.2 என்ற புரதம் பி53ஐ அழித்துக்கொண்டே இருக்கும். அந்த எம்.டி.எம்.2ஐ உண்டாக்கச் சொல்வதும் பி53தான்! வகுப்பில் இந்த இடம் வந்தால் எனக்கு நேரம் போவதே தெரியாது.

1979இல் இதைக் கண்டுபிடித்தபோது, புற்றுநோயை உண்டாக்குவதே இதுதான் என்று நினைத்தார்கள். பத்து வருடம் அப்படியே போனது. ஆய்வுகூடங்களில் கையிலிருந்த பிரதிகள் ஏற்கெனவே விகாரமடைந்தவை, அதாவது மாறிக் கெட்டுப்போனவை என்பது பிறகுதான் புரிந்தது. 1989இல் அமெரிக்க ஆராய்ச்சியாளர் பேர்ட் வோகல்ஸ்டைனின் குழு பெருங்குடல் கட்டிகளை ஆராய்ந்து, நல்ல பி53 புற்றுநோயைத் தடுக்கிறது, அது கெட்டால்தான் ஆபத்து என்று காட்டியது. மனிதப் புற்றுநோய்களில் ஏறக்குறைய பாதியில் இது பழுதாகியிருக்கிறது.

படுவான்கரைப் பக்கம் யானைவெடி போட்டு விரட்டுகிறோமே, அந்த யானைக்கு இந்தப் பரம்பரையலகு 20 பிரதிகள். நமக்கு ஒன்றுதான் (தாய் வழியில் ஒன்று, தந்தை வழியில் ஒன்று என்று சோடியாக). அவ்வளவு பெரிய உடம்பிலும் புற்றுநோய் குறைவாக இருப்பதற்கு இதுவும் காரணமாகலாம் என்று 2015இல் எழுதினார்கள்.

சரி, பயனுக்கு வருவோம். பி53 எந்த இடத்தில் கெட்டிருக்கிறது என்று பார்த்தால், கெடுத்தது யார் என்றே சில வேளை சொல்லிவிடலாம். பூஞ்சணம் பிடித்த நிலக்கடலையிலும் சோளத்திலும் அஃப்ளாடொக்சின் என்ற நஞ்சு வரும். அது அதிகமுள்ள பகுதிகளின் ஈரல் புற்றுநோய்களில் பி53இன் 249ஆம் இடமே திரும்பத் திரும்ப மாறியிருப்பதை 1991இல் கண்டார்கள். சிகரெட் புகையிலுள்ள பென்சோபைரீன் என்ற நஞ்சு பி53இல் போய் ஒட்டும் இடங்களும், நுரையீரல் புற்றுநோயில் பி53 அடிக்கடி கெடும் இடங்களும் ஒன்றே என்று 1996இல் காட்டினார்கள். கைரேகை மாதிரிச் சாட்சி. "தாத்தா பீடி குடித்தே எண்பது வயது வரை இருந்தார்" என்பவர்களிடம் நான் இதைத்தான் சொல்வேன்.

பரம்பரையாக பி53 பழுதுடன் பிறப்பவர்களும் இருக்கிறார்கள், ஆனால் அது அபூர்வம். பெரும்பாலானவர்களுக்கு வாழும் காலத்தில்தான் கெடுகிறது. ஆகவே "எங்கட குடும்பத்தில இல்லை" என்று ஆறுதல்பட்டு ஒன்றும் ஆகாது. நம்மூரில் வெற்றிலை வட்டா இல்லாமல் ஒரு நல்லது கெட்டது நடக்காது. புகையிலை போடாவிட்டால் பரவாயில்லை என்கிறார்கள். அது சரியில்லை. பாக்கு தனியாகவே புற்றுநோயை உண்டாக்கும் என்று உலக சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆய்வு நிறுவனம் சொல்லிவிட்டது. இலங்கையில் ஆண்களுக்கு வரும் புற்றுநோய்களில் வாய்ப்புற்று முன்வரிசையில் இருக்கிறது. வாயில் வெள்ளைத் திட்டு இருந்தாலோ, இரண்டு வாரமாகியும் புண் ஆறாவிட்டாலோ பல் வைத்தியரிடம் காட்டுங்கள்.

அப்புறம், கருப்பைக் கழுத்துப் புற்று. அதில் பி53 பெரும்பாலும் விகாரமடைவதில்லை. இந்தப் புற்றுக்குக் காரணமான எச்.பி.வி. வைரஸின் இ6 என்ற புரதம் நல்ல பி53ஐயே பிடித்து அழிக்க வைக்கிறது. வைரஸ் உள்ளே வராமல் தடுத்தால் இந்தக் கதையே தொடங்காது. அதற்கான தடுப்பூசியை 2017 முதல் தரம் 6 பெண்பிள்ளைகளுக்குப் பாடசாலையிலேயே இலவசமாகப் போடுகிறார்கள். பிள்ளை கொண்டுவரும் கடிதத்தில் கையெழுத்து வைக்கத் தயங்கும் பெற்றோர் என்னிடம் வந்து கேட்பதுண்டு. வைக்கச் சொல்லித்தான் அனுப்புகிறேன்.