மகளின் துறைத் தேர்வு குறித்துக் கலங்கும் ஒரு தந்தைக்கு: வணிகச் செயல்முறை வடிவமைப்பும் சேவை சார்ந்த கட்டமைப்பும்

மதிப்பிற்குரிய ஐயா,

கணினி அறிவியல் இறுதியாண்டில் படிக்கும் உங்கள் மகள், கைபேசிச் செயலிகளை உருவாக்கும் குழுவை விட்டுவிட்டு, வணிகச் செயல்முறைகளை வடிவமைத்துச் சேவை சார்ந்த மென்பொருள் கட்டமைப்பின் மீது தானியங்கச் செய்யும் குழுவில் பயிற்சி பெற விரும்புவதாக எழுதியிருந்தீர்கள். அது வழக்கொழிந்த தொழில்நுட்பம் என்று யாரோ சொன்னதும், அங்கே நிரல் எழுதும் வேலையே இருக்காது என்று இன்னொருவர் சொன்னதும் உங்களைக் கலங்கவைத்திருக்கின்றன. இரண்டிலும் ஓரளவு உண்மை இருப்பதால், ஒரு வரியில் மறுத்துவிட்டு உங்களுக்குத் தைரியம் சொல்ல நான் விரும்பவில்லை.

எந்த நிறுவனத்திலும் கிடங்குக்கு ஒரு மென்பொருள், கணக்குப் பிரிவுக்கு ஒன்று, வாடிக்கையாளர் விவரங்களுக்கு ஒன்று எனப் பல இருக்கும். இவை ஒன்றோடொன்று பேசாத இடத்தில் மனிதர்களே பாலமாக இருக்கிறார்கள். ஒரு திரையில் இருப்பதைப் பார்த்து மற்றொரு திரையில் தட்டச்சு செய்கிறார்கள். சேவை சார்ந்த கட்டமைப்பில், இருப்பைச் சரிபார்ப்பது, பணம் பெறுவது போன்ற ஒவ்வொரு பணியும் தனித்தனிச் சேவையாக வைக்கப்படுகிறது. எதைக் கொடுத்தால் எது கிடைக்கும் என்ற ஒப்பந்தம் மட்டும் வெளியே தெரியும். உள்ளே அது எந்த மொழியில் எழுதப்பட்டது என்பது அழைப்பவருக்குத் தேவையில்லை. அந்தச் சேவைகளை எந்த வரிசையில், எந்த நிபந்தனையில் அழைக்க வேண்டும், எங்கே ஒரு மனிதரின் ஒப்புதலுக்காகக் காத்திருக்க வேண்டும் என்று வகுப்பதே உங்கள் மகள் கற்க விரும்பும் வேலை.

இது பழையதா என்ற கேள்விக்கு வருகிறேன். சேவை சார்ந்த கட்டமைப்பின் ஆங்கிலச் சுருக்கமான எஸ்.ஓ.ஏ. என்ற பெயர் 1990களின் நடுப்பகுதியில் புழக்கத்துக்கு வந்தது. சேவைகளைச் செயல்முறையாகக் கோக்கும் பி.பி.இ.எல். மொழியை ஐ.பி.எம்., மைக்ரோசாஃப்ட், பி.இ.ஏ. ஆகிய நிறுவனங்கள் 2002இல் முன்வைத்தன. அதன் இரண்டாம் பதிப்பு 2007இல், தகவல் தொழில்நுட்பத் தரநிலைகளை வகுக்கும் ஒயாசிஸ் அமைப்பின் தரநிலையானது. அந்தக் காலத்துக் கருவிகள் கனமானவை. பல நிறுவனங்கள் எல்லாத் தர்க்கத்தையும் நடுவிலிருந்த ஓர் இணைப்பு மென்பொருளுக்குள் திணித்துவிட்டு, பிறகு அதைத் தொடவே அஞ்சின. 2014 வாக்கில், ஒரு மென்பொருளைத் தனித்தனியே இயங்கும் சிறு சேவைகளாகப் பிரிக்கும் முறைக்கு மைக்ரோசர்வீஸ் என்ற பெயர் பரவியபோது எஸ்.ஓ.ஏ. என்ற சொல் வேலைவாய்ப்பு விளம்பரங்களில் மங்கத் தொடங்கியது. ஆகவே பி.பி.இ.எல். மொழியை மட்டும் கற்றுக்கொண்டு வேலை தேடினால் உங்கள் அச்சம் நியாயமானதே. ஆனால் ஒப்பந்தத்தின் வழியே பேசும் தனித்தனிச் சேவைகள் என்ற அடிப்படை எங்கும் போய்விடவில்லை. இன்றைய மைக்ரோசர்வீஸ் அதன் மேல்தான் நிற்கிறது. செயல்முறைகளைப் படமாக வரையும் பி.பி.எம்.என். குறியீட்டு முறையும் அப்படித்தான். 2004இல் வெளிவந்து, 2011இல் இரண்டாம் பதிப்பைக் கண்டு, 2013இல் ஐ.எஸ்.ஓ. 19510 என்ற சர்வதேசத் தரநிலையாகி, இன்றும் அன்றாடப் பயன்பாட்டில் இருக்கிறது.

அங்கே நிரல் எழுத வேண்டியிருக்காது என்று சொன்னவர், படத்தில் உள்ள பெட்டிகளையும் அம்புகளையும் மட்டும் பார்த்திருக்க வேண்டும். அந்தப் பெட்டிகளுக்கு நடுவே என்ன நடக்கிறது என்பதை ஓர் எடுத்துக்காட்டால் சொல்கிறேன். ஒரு வாடிக்கையாளரின் ஆர்டர் வருகிறது. கிடங்குச் சேவை பொருளை ஒதுக்கிவைக்கிறது. அடுத்துப் பணம் வசூலிக்கும் சேவை அழைக்கப்படுகிறது. முப்பது விநாடிகள் கடந்தும் பதில் வரவில்லை. பணம் எடுக்கப்பட்டதா, இல்லையா? கோரிக்கை போய்ச் சேராமல் இருந்திருக்கலாம். அல்லது பணம் எடுக்கப்பட்ட பிறகு பதில் மட்டும் வழியில் தொலைந்திருக்கலாம். எடுக்கப்படவில்லை என்று கருதி மீண்டும் அழைத்தால் வாடிக்கையாளரிடம் இருமுறை பணம் பிடிக்கப்படக்கூடும். எடுக்கப்பட்டது என்று கருதி மேலே சென்றால் பணம் வராமலேயே பொருள் போய்விடக்கூடும். இதைத் தீர்க்க, ஒவ்வொரு கோரிக்கைக்கும் ஒரு தனி அடையாள எண்ணைக் கொடுத்து, அதே எண் எத்தனை முறை வந்தாலும் வசூல் ஒருமுறைதான் நடக்க வேண்டும் என்று சேவையை வடிவமைக்கிறார்கள்.

சரி, பணம் வந்துவிட்டது, ஆனால் பொருளை அனுப்பும் சேவை மறுத்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம். ஒரே தரவுத்தளமாக இருந்தால் நடந்த அனைத்தையும் நடக்காததுபோல் மீட்டுவிடலாம். இங்கே ஒவ்வொரு சேவையும் தன் கணக்கை ஏற்கெனவே முடித்துவிட்டதால், பணத்தைத் திருப்பித் தருவது, ஒதுக்கீட்டை விடுவிப்பது என்று ஒவ்வொரு படிக்கும் ஓர் ஈடுசெய்யும் படியை முன்கூட்டியே எழுதிவைக்க வேண்டும். சாகா என்று அழைக்கப்படும் இந்த உத்தியை ஹெக்டர் கார்சியா-மொலினாவும் கென்னத் சேலமும் 1987இல் ஓர் ஆய்வுக் கட்டுரையில் விளக்கினார்கள். மைக்ரோசர்வீஸ் பற்றிய இன்றைய நேர்காணல்களிலும் அதைக் கேட்கிறார்கள். கருவிகள் எத்தனை மாறினாலும் இந்தச் சிக்கல் மாறவில்லை, ஏனெனில் அது கருவியால் வந்ததல்ல. பல அமைப்புகள் தூரத்திலிருந்து பேசிக்கொள்வதால் வருவது. மேலாளர் ஒப்புதல் தரப் பத்து நாள் ஆனால் செயல்முறை தன் நிலையை எங்கே நினைவில் வைத்துக்கொள்ளும், பாதியில் நிற்கும் ஆயிரம் விண்ணப்பங்கள் இருக்கையில் விதி மாறினால் அவை பழைய வழியில் முடிய வேண்டுமா, புதிய வழிக்கு மாற வேண்டுமா என்பன போன்ற கேள்விகளும் அதே வகையைச் சேர்ந்தவை. இவற்றுக்கு விடை காண்பவரை நிரல் எழுதத் தெரியாதவர் என்று சொல்வது பொருந்தாது.

இந்தத் துறைக்கு இன்னொரு பாதி உண்டு. பெற்றோரும் மாணவர்களும் அதைப் பற்றிப் பெரும்பாலும் கேட்பதே இல்லை. மேலாண்மை அறிஞர் மைக்கேல் ஹேமர் 1990இல் எழுதிய ஒரு கட்டுரையின் வழியே ஃபோர்டு நிறுவனத்தின் கதை இத்துறையில் பரவலாக அறியப்பட்டது. 1980களின் தொடக்கத்தில் அதன் வட அமெரிக்கப் பிரிவில், விற்பனையாளர்களுக்குப் பணம் செலுத்தும் பிரிவில் மட்டும் ஐந்நூறுக்கும் மேற்பட்டோர் பணியாற்றினர். கணினிமயமாக்கினால் சுமார் நூறு பேரைக் குறைக்கலாம் என்பது முதல் திட்டம். மாஸ்டா நிறுவனத்தில் அதே வேலையை ஐந்து பேர் செய்வதைக் கண்ட பிறகே, வேலை நடக்கும் விதத்தையே கேள்விக்கு உட்படுத்தினார்கள். கொள்முதல் ஆணை, பொருள் பெற்ற ரசீது, விற்பனையாளரின் விலைப்பட்டியல் ஆகிய மூன்றையும் ஒப்பிட்டு, பொருந்தாதவற்றைத் துரத்துவதிலேயே எழுத்தர்களின் நேரம் போய்க்கொண்டிருந்தது. விலைப்பட்டியலே வேண்டாம் என்று முடிவு செய்து, பொருள் வந்திறங்கும் இடத்திலேயே தரவுத்தளத்தில் உள்ள ஆணையுடன் சரிபார்த்து ஏற்றால் பணம் தானாகச் செல்லும்படி மாற்றியதில், ஆள்தேவை முக்கால் பங்கு குறைந்தது. பழைய ஒப்பீட்டையே கணினியில் வேகமாகச் செய்ய வைத்திருந்தால் அந்தத் தவறான வழிதான் நிரந்தரமாகியிருக்கும். எந்தப் படி தேவையில்லை என்று கேட்கும் துணிவும், அந்த மாற்றத்தால் வேலை மாறப்போகிறவர்களின் எதிரே அமர்ந்து பொறுமையாகக் கேட்கும் பண்பும் இத்துறையில் நிரலாக்கத் திறனுக்கு இணையாகத் தேவைப்படுகின்றன. உங்கள் மகளிடம் இவை இருக்கின்றனவா என்பதை என்னைவிட நீங்கள் நன்றாக அறிவீர்கள்.

செயற்கை நுண்ணறிவு இந்த வேலையை விழுங்கிவிடுமா என்றும் கேட்டிருந்தீர்கள். இரண்டு சேவைகளை இணைக்கும் வழக்கமான நிரலை எழுதும் வேலை சுருங்கும்; அதை மட்டும் நம்பி நுழைவது சரியல்ல. ஆனால் பணம் எடுக்கப்பட்டுப் பொருள் அனுப்பப்படாதபோது எத்தனை நாளில் திருப்பித் தர வேண்டும், எந்தத் தொகைக்கு மேல் ஒரு மனிதர் பார்த்தே ஆக வேண்டும் என்பதை யாராவது முடிவு செய்து, எழுதிவைத்து, பொறுப்பேற்க வேண்டும். நுண்ணறிவுக் கருவிகளே செயல்முறையின் ஒரு படியாக வரும்போது, அவற்றுக்கு முன்னும் பின்னும் எதைச் சரிபார்ப்பது என்ற கேள்வியும் சேர்ந்துகொள்கிறது.

என் கவலை வேறொன்று. இத்துறையின் பெயரில் வழங்கப்படும் எல்லாப் பணிகளும் ஒரே தரத்தவை அல்ல. சிலவற்றில் ஒரே விற்பனையாளரின் ஒரே மென்பொருளில் பெட்டிகளை இழுத்து வைப்பதிலேயே இரண்டு மூன்று ஆண்டுகள் கழிந்துவிடும். வேறு சிலவற்றில், சேவைகளே இல்லாமல், திரையில் மனிதர் அழுத்தும் பொத்தான்களை நிரல் அழுத்துவதையே தானியக்கம் என்பார்கள், திரை மாறினால் அதுவும் உடைந்துவிடும். ஆகவே, செயல்முறை ஒன்று பாதியில் தோற்றால் யார், எப்படி அறிகிறார்கள், பயிற்சியாளர்கள் செயல்முறையில் பணியாற்றும் ஊழியர்களைச் சந்திப்பார்களா, சேவைகளை அவர்களே எழுதுவார்களா என்று உங்கள் மகள் நேர்காணலிலேயே கேட்கட்டும். தெளிவான பதில் வராவிட்டால் செயலிக் குழுவைத் தேர்ந்தெடுப்பதே நல்லது. நிரலாக்கத்தில் உறுதியான அடித்தளத்தோடு பின்னர் இத்துறைக்கு வருபவர்கள் பலர் உண்டு.

பதில் சொல்ல இன்னும் இரண்டு வாரம் இருப்பதாக எழுதியிருக்கிறீர்கள். அதற்குள் அவர், தான் படிக்கும் கல்லூரியில் மாற்றுச் சான்றிதழ் பெறும் நடைமுறையை, அதைக் கையாளும் அலுவலரிடமே கேட்டறிந்து, பி.பி.எம்.என். குறியீட்டில் வரையட்டும். கமுண்டா மாடலர் போன்ற இலவசக் கருவிகள் இதற்குப் போதும். வட்டம், பெட்டி, சாய்சதுரம் ஆகியவற்றைக் கற்க ஒரு மாலைப்பொழுது ஆகும். பிறகு ஒவ்வொரு பெட்டியின் அருகிலும், இங்கே பதில் வராவிட்டால் என்ன ஆகும் என்று எழுதட்டும். அந்தக் கேள்வியில் அவருக்கு ஆர்வம் கூடிக்கொண்டே போகிறதா, சலிப்புத் தட்டுகிறதா என்று அருகிலிருந்து பாருங்கள். வரைந்த தாளை எனக்கு அனுப்பினால், நாம் மூவரும் அதை வைத்துக்கொண்டே அடுத்த முறை பேசலாம்.