சுவரில் மாட்டிய சான்றிதழ்

கேள்வி: எட்டாம் வகுப்புப் படிக்கும் என் மகன் நாலு மாதமாகப் பள்ளிக்குப் போகமாட்டேன் என்று அடம்பிடிக்கிறான். கவுன்சலிங்குக்குக் கூட்டிப்போகிறோம், ஒரு தடவைக்கு 1,500 ரூபாய். அந்த அறையில், அகில இந்திய அளவிலான ஓர் உளவியலாளர் சங்கத்தின் ஆயுள் உறுப்பினர் என்று ஃபிரேம் போட்டு மாட்டியிருக்கிறார்கள். இதுதான் லைசென்ஸா?
- ஒரு தாய், திண்டுக்கல்

பதில்: இல்லை அம்மா. சங்கம் வேறு, பதிவு வேறு. வக்கீல்களையே பாருங்கள், சன்னது, அதாவது தொழில் செய்யும் உரிமம், கொடுப்பது பார் கவுன்சில். ஊர் வழக்கறிஞர் சங்கத்தில் சந்தா கட்டிச் சேருவது அப்புறம் நடக்கிற சமாச்சாரம். 1924-ல் தொடங்கிய இந்திய உளவியல் சங்கமானாலும் சரி, 1968-ல் கிளினிக்கல் சைக்காலஜிஸ்டுகள் (மனநலப் பிரச்சினைகளுக்குச் சிகிச்சை தரும் உளவியலாளர்கள்) தங்களுக்கென்று தொடங்கிய சங்கமானாலும் சரி, மாநாடு நடத்தும், ஆய்விதழ் போடும், நெறி தவறிய உறுப்பினரை நீக்கவும் செய்யலாம், ஆனால் அவர் மறுநாளே கிளினிக்கைத் திறந்து உட்கார்ந்தால் பூட்டுப் போடும் அதிகாரம் அதற்குக் கிடையாது. அமெரிக்காவில் 1892-லிருந்து இருக்கும் பெரிய சங்கத்துக்கும் இதே நிலைமைதான், அங்கே லைசென்ஸ் தருவது மாநில வாரியங்கள்.

இங்கே கிளினிக்கல் சைக்காலஜிஸ்டாகத் தொழில் செய்ய இந்திய மறுவாழ்வு கவுன்சில் (ஆர்.சி.ஐ.) என்ற மத்திய அரசு அமைப்பில் பதிந்திருக்க வேண்டும். பதிவெண்ணைக் கேளுங்கள், கவுன்சிலின் இணையதளத்தில் சரிபார்க்கலாம். பதியாமல் தொழில் செய்தால், 1992-ஆம் வருடச் சட்டப்படி ஓராண்டு வரை சிறை, அல்லது 1,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். ஆயிரம் ரூபாய்! நீங்கள் ஒரு தடவைக்குக் கொடுக்கும் ஃபீஸைவிடக் குறைவு.

சரி, அவர் தன்னைக் 'கவுன்சலர்' என்று மட்டும் போட்டுக்கொண்டிருந்தால்? அங்கேதான் சிக்கல். முறையாக எம்.எஸ்சி. படித்துப் பயிற்சி எடுத்தவரும் அப்படித்தான் போடுகிறார், வாரக் கடைசியில் ஆன்லைன் கோர்ஸ் முடித்தவரும் அப்படித்தான் போடுகிறார். மற்ற உளவியலாளர்களையும் பதிவுக்குள் கொண்டுவர 2021-ல் ஒரு சட்டம் வந்தது, நடைமுறை என்னவோ ஆமை வேகம்தான். அதனால் பதிவெண் இல்லை என்பதற்காகவே போலி என்று நான் சொல்லமாட்டேன், பிள்ளைகளிடம் அருமையாகப் பேசுகிற கவுன்சலர்கள் இருக்கிறார்கள். என்ன படித்தீர்கள், எங்கே, யாரிடம் பயிற்சி எடுத்தீர்கள் என்று கேளுங்கள். ஒழுங்காகப் படித்தவர் கோபிக்காமல் சொல்வார்; "என்மேல் நம்பிக்கை இல்லையா?" என்று திருப்பிக் கேட்டால் வேறு இடம் பாருங்கள்.

கேள்வி: சைக்காலஜிஸ்ட் மாத்திரை எழுதலாமா?
- ஒரு வாசகர், தென்காசி

பதில்: கூடாது. அது மனநல மருத்துவரின் வேலை. யாரிடம் போவதென்றே தெரியவில்லை என்றால் 14416-க்கு போன் போடுங்கள், அரசின் டெலி மானஸ் மனநல உதவி எண், இலவசம், தமிழிலேயே பேசலாம்.